நிலைக்காத வேலையும் நிலைகொள்ளாத பிள்ளைகளும்

கோவையிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே புறப்பட்டால் இருபது கிலோமீட்டருக்குள் சூலூர் வந்துவிடும். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் கடக்கும்வரை பழைய நூற்பாலைகளின் நீண்ட மதில்கள் கூடவே வரும். சூலூரில் விமானப்படைத் தளம். வடகிழக்கில் கருமத்தம்பட்டியும் சோமனூரும் விசைத்தறி ஊர்கள். இடைப்பட்ட ஊர்களில் ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறு கூடங்கள், பொறியியல் கல்லூரிகள். மேற்கே திரும்பி அவிநாசி சாலையில் ஏறினால் பீளமேட்டில் டைடல் பார்க். நூறாண்டுத் தொழில் வரலாறு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடும் வட்டாரம் இது. தாத்தா மில்லுக்குப் போனார், அப்பா தறி போட்டார் அல்லது லேத் ஓட்டினார், பேரன் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்ற குடும்பக் கதையை இங்கே வீட்டுக்கு வீடு கேட்கலாம்.

அதே வீடுகளில் ஒரு குறையையும் கேட்கலாம். "இந்தக் காலத்துப் பசங்க ஒரு எடத்துல நிக்கறதில்லீங்க. மூணு மாசம் வந்தான், சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டான்." பட்டறைக்காரர் சொல்கிறார், மில் மேலாளர் சொல்கிறார், ஓய்வுபெற்ற தாத்தாவும் சொல்கிறார். உழைக்கும் குணம் போய்விட்டது, பொறுமை இல்லை, எல்லாம் செல்போன் செய்த கெடுதல் என்று காரணமும் சேர்ந்தே வரும். குறை உண்மையானது, ஆள் நிற்பதில்லை என்பதைச் சிறு தொழில் நடத்தும் எவரும் அனுபவித்திருப்பார்கள். சொல்லப்படும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வேலை நாளைக்கு என்ன தரும் என்ற உறுதியைப் பார்த்துத்தான் மனிதர்கள் அதில் நிற்பதும் விலகுவதும் நடக்கிறது. சூலூர் வட்டாரத்தின் மூன்று தலைமுறைகளுக்கும் அந்த உறுதி ஒன்றுபோல் கிடைக்கவில்லை.

தலைமுறை என்பதைப் பிறந்த வருடத்தை வைத்துப் பிரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மில்லினியல், ஜென் இசட் என்று மனிதவளப் பயிலரங்குகளில் பேசுகிறார்கள். இவை அமெரிக்கச் சந்தை ஆய்வுகளுக்காக வெட்டிய கட்டங்கள். கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928இல் தலைமுறைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதைவிடப் பயனுள்ளது. ஒரே வயதினர் என்பதால் மட்டும் அவர்கள் ஒரு தலைமுறை ஆகிவிடுவதில்லை, இளமையில் சேர்ந்து எதிர்கொண்ட வரலாற்று நிகழ்வுதான் அவர்களை ஒரு தலைமுறையாக்குகிறது என்றார் அவர். அதே நிகழ்வு ஒரே வயதினரில் வெவ்வேறு குழுவினரை வெவ்வேறு விதமாகத் தாக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படிப் பார்த்தால் சூலூருக்கு 1932 ஒரு ஆண்டு: பைக்காரா மின்சாரம் உற்பத்தியான ஆண்டு. 1974 ஒரு ஆண்டு: நலிந்த பஞ்சாலைகள் நாட்டுடைமையான ஆண்டு. 2020 ஒரு ஆண்டு: ஊரடங்கில் அந்த ஆலைகள் நின்றுபோன ஆண்டு.

மில் தலைமுறையிலிருந்து தொடங்குவோம். ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையின் முதல் நூற்பாலையை 1888இல் தொடங்கினார். 1910இல் லட்சுமி மில் வந்தது. பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் ஆலைகள் பெருகின. வானம் பார்த்த பூமியில் சோளமும் பருத்தியும் விதைத்துக்கொண்டிருந்த குடும்பங்களிலிருந்து ஆட்கள் மில்லுக்குப் போனார்கள். அவர்கள் முதல் நாளிலிருந்தே கட்டுப்பாட்டோடு உழைத்தார்கள் என்ற நினைப்பு தவறு. விட்லி தலைமையிலான ராயல் தொழிலாளர் ஆணையம் 1931இல் தந்த அறிக்கையைப் புரட்டினால், இந்திய ஆலைத் தொழிலாளர் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார், ஊருக்குப் போய்விடுகிறார், ஒரே ஆலையில் தங்குவதில்லை என்ற பேச்சு நிறைய வரும். இன்று பேரனைப் பற்றிச் சொல்லும் அதே குறையைத் தாத்தா இளைஞராக இருந்தபோது அவரைப் பற்றியும் சொன்னார்கள்.

அவரை மில்லில் நிலைநிறுத்தியது எது? போராட்டமும் அதன் வழியாக வந்த சட்டங்களும். தொழிற்சங்கத் தலைவர் என்.ஜி. ராமசாமி 1943இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் இறந்துபோனார். அவிநாசி சாலையில் உள்ள சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு ஆலைத் தொழிலாளர்கள், ரங்கவிலாஸ் மில்லைச் சுற்றி எழுந்த பூசலில் நடந்த கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் உயிரிழந்தார்கள். இவ்வளவு விலை கொடுத்த பிறகுதான் 1948இல் தொழிற்சாலைச் சட்டம், 1952இல் வருங்கால வைப்புநிதி, 1965இல் போனஸ் சட்டம், 1972இல் கிராஜுவிட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. இ.எஸ்.ஐ. திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது கோவையில்தான், 1955 ஜனவரியில். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையைப் பார்க்கும்போது, யாருடைய தயவிலும் அது வந்துவிடவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படித்தான் மில் வேலை ஒரு 'வேலை' ஆயிற்று. பதிலியாகச் சேர்ந்து, வாசலில் காத்திருந்து, சில ஆண்டுகளில் பர்மனன்ட் ஆகிவிட்டால் வாழ்க்கை கரையேறிவிட்டது என்று பொருள். பகல், அரை நைட், முழு நைட் என்று மூன்று ஷிப்டுக்கும் ஊதும் சங்கை வைத்துச் சுற்றுவட்டார ஊர்களில் பால் கறந்தார்கள், உலை வைத்தார்கள். மில்காரருக்குப் பெண் கொடுக்க ஆள் தேடி வந்தார்கள். தீபாவளி போனஸில் வீட்டுக்கு ஓடு போட்டார்கள், மகள் கல்யாணத்துக்கு வைப்புநிதியில் கடன் எடுத்தார்கள், மகனைப் பதிலியாகச் சேர்த்துவிட்டார்கள். முப்பது ஆண்டு ஒரே ரிங் ஃப்ரேம் அருகில் நின்றவரின் பொறுமையை நான் மதிக்கிறேன். முப்பது ஆண்டு நின்றால் என்ன கிடைக்கும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த உறுதி உடைந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது பர்மனன்ட் ஆட்களைக் குறைத்துவிட்டுப் பயிற்சித் தொழிலாளரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் வைத்தன. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் வசமிருந்த பங்கஜா, முருகன், ரங்கவிலாஸ், கம்போடியா, கோயம்புத்தூர் ஸ்பின்னிங் ஆகிய ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்டன. ஊரடங்கு தளர்ந்தும் உற்பத்தி தொடங்கவில்லை. நாட்டுடைமை என்ற வார்த்தையை நம்பிச் சேர்ந்தவர்கள் பகுதிச் சம்பளத்துக்காகவும் நிலுவைக்காகவும் வாயிலில் நின்று போராட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து வளரும் பிள்ளையிடம் 'ஒரே இடத்தில் நில்' என்று எதைக் காட்டிச் சொல்வது?

இரண்டாம் தலைமுறையின் கதை வேறு. அது பர்மனன்ட் ஆகும் கனவைவிடச் சொந்தமாகப் பட்டறை போடும் கனவால் ஓடிய தலைமுறை. அந்தக் கனவின் மூதாதை இந்த மண்ணிலேயே பிறந்தவர்: சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, கோவையில் ஓட்டல் சிப்பந்தியாக வேலை செய்து காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்க முன்னின்றபோது, நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் சொல்லிக்கொடுத்துவிடலாம், மீதிக் காலத்தில் மாணவன் வேலையில் கற்கட்டும் என்று வாதாடினார். அவருடைய வாதம் எடுபடவில்லை. அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

டெக்ஸ்டூல், பி.எஸ்.ஜி. போன்ற கோவைத் தொழிற்கூடங்களில் தொழில் பழகியவர்கள் வெளியே வந்து சிறு பட்டறைகள் போட்டார்கள். கிணற்றுப் பாசனத்துக்கு மின்சாரம் கிடைத்த காலத்தில் பம்ப்செட்டுக்குத் தேவை பெருகியது. 1955இல் சபாபதி என்பவர் உருவாக்கிய வெட் கிரைண்டர் தனியொரு தொழிலாக வளர்ந்தது. ஒரு பெரிய கம்பெனி ஜாப் ஆர்டர் கொடுத்தால் நான்கு பட்டறை பிழைக்கும். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வீட்டு நகையை அடகு வைத்த பணம், மச்சானின் ஜாமீன் இருந்தால் போதும். சோமனூர் பக்கத்தில் அதுவே நான்கு தறி, எட்டுத் தறி என்றிருந்தது.

சம்பளமே இல்லாமல், அல்லது டீச்செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டு பட்டறையில் கிடந்து கற்றவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். அவர்கள் திட்டு வாங்கினார்கள், சில இடங்களில் அடியும் வாங்கினார்கள். பொறுத்துக்கொண்டார்கள். கற்று முடித்ததும் தானும் ஒரு முதலாளி ஆகலாம் என்ற வழி கண்ணெதிரே திறந்திருந்தது. அண்டை ஊரான திருப்பூரில் ஆய்வு செய்த புவியியலாளர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். தொழிலாளியாக இருந்து பனியன் கம்பெனி முதலாளி ஆன கவுண்டர்களிடம் எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டால், உழைப்பு என்றே விடை வந்தது. சாரி அந்த விடையை மறுக்கவில்லை. ஆனால் உழைப்போடு நிலமும், சாதி உறவும், பெண் எடுத்த வீட்டின் கைமாற்றும், கடன் தர முன்வந்த பங்காளிகளும் சேர்ந்தே அந்த ஏற்றம் நடந்தது என்று காட்டினார். எல்லோரும் உழைத்தார்கள், எல்லோருடைய உழைப்பும் மூலதனமாக மாறவில்லை. என்னைப் பொறுத்தவரை, கொங்குநாட்டின் தொழில் வரலாற்றைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் மிக முக்கியமான உண்மை இது. பெரியவர்கள் 'நாங்க உழைச்சு மேல வந்தோம்' என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது இந்த இரண்டாம் பாதி விட்டுப்போகிறது.

மூன்றாம் தலைமுறைக்கு அந்த இரண்டு வழிகளுமே குறுகிவிட்டன. பர்மனன்ட் வழி அடைபட்டதைப் பார்த்தோம். முதலாளி ஆகும் வழி எப்படி அடைபட்டது என்பதை ஒரு லேத் பட்டறைக்குள் நின்று பார்த்தால் விளங்கும்.

பழைய சென்டர் லேத்தில் வேலை பழகுவது என்றால், நாலு ஜா சக்கில் ஜாபை மாட்டி டயல் வைத்து மையம் பார்ப்பதில் தொடங்கும். பிறகு டூல் பிட்டைச் சாணைக்கல்லில் தானே தீட்டப் பழக வேண்டும். எந்த இரும்புக்கு எந்தக் கோணம், எவ்வளவு கட்டிங் கொடுக்கலாம் என்பது சத்தத்திலும் சுருள் சுருளாக வரும் பிசிரின் நிறத்திலும் தெரியும். நல்ல டர்னர் ஆவதற்கு ஐந்து வருடம் ஆகும். அந்த ஐந்து வருடமும் அவன் கையில் சேமிப்பாக இருக்கும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதற்கு விலை உண்டு. சி.என்.சி. மெஷினில் ஆபரேட்டருக்கு விட்டுவைத்திருப்பது என்ன? கதவைத் திறந்து ஜாபை மாட்டுவது, பட்டனை அழுத்துவது, முடிந்ததும் எடுத்து அளவு பார்ப்பது, இன்சர்ட் தேய்ந்தால் மாற்றுவது. புரோகிராம் எழுதுவதும் செட்டிங் செய்வதும் வேறு ஆளிடம். ஆபரேட்டர் வேலையைச் சில வாரங்களில் கற்றுவிடலாம், பிறகு கற்க ஒன்றுமில்லை. ஆறாம் மாத ஆபரேட்டருக்கும் ஆறாம் வருட ஆபரேட்டருக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லாதபோது சம்பளத்திலும் பெரிய வேறுபாடு இருக்காது. பக்கத்துக் கம்பெனியில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் போய்விடுவதுதான் அவனுக்குக் கிடைக்கும் ஒரே ஊதிய உயர்வு. இதைப் பொறுமையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொந்தப் பட்டறை என்ற எண்ணமும் எட்டாத தூரம் போய்விட்டது. சாதாரண சி.என்.சி. டர்னிங் மெஷினே இருபது லட்ச ரூபாய் அளவில் நிற்கிறது. பெரிய கம்பெனிகள் தரச்சான்று கேட்கின்றன, பணத்தை மாதக்கணக்கில் நிறுத்துகின்றன. 2016 நவம்பர் பணமதிப்பிழப்பும் அதன் பின்னால் வந்த ஜி.எஸ்.டி.யும் கோவையின் ஜாப் ஒர்க் பட்டறைகளைப் பலமாக அடித்தன. பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு முதலில் 18 சதவீத வரி. பல மனுக்களுக்குப் பிறகு 2019 அக்டோபரில் அது 12 ஆகக் குறைந்தது. அதற்குள் எத்தனையோ ஷட்டர்கள் இறங்கிவிட்டன.

தறியின் கதை இன்னும் கசப்பானது. சோமனூர் வட்டாரத்தில் பெரும்பாலான தறிக்காரர்கள் கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடு நூலும் கொடுப்பார். காடா துணியாக நெய்து கொடுத்தால் கூலி. தறிக்காரர் பெயருக்கு முதலாளி. மின்கட்டணம், உதிரிபாகம், ஆள்கூலி எல்லாம் அவர் தலையில். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு பேசி முடித்தார்கள். அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் மறுபடியும் நின்றன, உண்ணாவிரதம் வரை போனது. தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. தறிக்காரர் மகனுக்குப் பெண் கிடைப்பதில்லை என்பது கல்யாணத் தரகர்கள் அன்றாடம் சொல்லும் செய்தி. மகன் தறியை விட்டுப் போவதற்கு முன்பே தகப்பன் அவனைப் போகச் சொல்லிவிட்டார் என்பதுதான் பல வீடுகளில் நடந்தது.

இதுவரை சொன்னது நிலமும் உறவும் உள்ள குடும்பங்களின் கதை. ஊருக்குத் தள்ளி இருக்கும் அருந்ததியர் குடியிருப்பிலிருந்து பார்த்தால் இதே மூன்று தலைமுறை வேறு மாதிரி தெரியும். அங்கே தாத்தா பண்ணையாள். அவர் 'ஒரே இடத்தில் நின்றது' வாங்கிய கடனுக்காக. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் முன்பணம் என்ற கயிறு வேறு இடத்துக்கு மாறியது. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு கிராமங்களை ஒப்பிட்டு எழுதியது இங்கே பொருந்தும். விசைத்தறிகள் நிறைந்த ஊரில் தலித் தொழிலாளர்கள் தறி முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸில் கட்டுண்டு கிடந்தார்கள். தறி இல்லாத ஊரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. சாதி பார்க்கும் ஊர் முதலாளியின் பிடியிலிருந்தும் விலகி நிற்க முடிந்தது. அந்த வீட்டுப் பையன் மூன்று மாதத்தில் வேலையை விட்டுப் போனால், விட்டுப்போக முடிகிறது என்பதே அவன் குடும்பத்துக்குப் புதிதாகக் கிடைத்த உரிமை. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்தில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009இல்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அதை உறுதி செய்தது. அந்தக் குடியிருப்புகளின் முதல் பொறியாளர்களும் முதல் அரசு ஊழியர்களும் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் போய் 'பழைய தலைமுறை மாதிரி இருங்கள்' என்று சொல்ல முடியுமா?

பெண்களின் கதையையும் தனியே பார்க்க வேண்டும். ஆண் பர்மனன்ட் தொழிலாளரைக் குறைத்த நூற்பாலைகள் பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தன. ஒப்பந்தம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் போனவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் அங்குள்ள இந்தியக் குழுவும் சேர்ந்து 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இதை உலகத்தின் முன் வைத்தது. அன்று பஞ்சுத்தூசியில் நின்ற பெண்களுக்கு இன்று வயது முப்பதைக் கடந்திருக்கும். அவர்கள் தங்கள் மகள்களை மில்லுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பப் படும் பாட்டைச் சூலூர், பல்லடம் பேருந்து நிலையங்களில் காலை எட்டு மணிக்கு நின்றால் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் சேர்கிறார்கள் என்கிறது 2021-22 கணக்கு. இந்திய அளவில் அது 28.4. இந்த எண்ணில் தங்கள் மகள்களும் சேர வேண்டும் என்றுதான் அந்தத் தாய்மார்கள் பாடுபடுகிறார்கள்.

படித்து வந்தவர்களுக்குக் காத்திருப்பது என்ன? ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பத்தாண்டுக்கும் மேலாக நிற்கிறது. அந்தப் பத்தாண்டில் வாடகை நிற்கவில்லை, அரிசி விலை நிற்கவில்லை. இளைஞர்களுக்கு நிலையான வேலையில் நாட்டமே இல்லை என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2022 ஜூலை 24 அன்று நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். நிலையான வேலைக்கு இப்படி வரிசையில் நிற்கும் ஒரு தலைமுறையை நிலையற்றது என்று எப்படிச் சொல்வது?

சூலூரில் இருந்துகொண்டு விமானப்படைத் தளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் அது. தேஜஸ் விமானங்களின் 45ஆம், 18ஆம் படையணிகளுக்கு வீடாக இருந்த தளமும் அதுவே. இந்த ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு விமானப்படை வேலை என்றால் சீருடை, குடியிருப்பு, ஓய்வூதியம் என்று கண்ணால் கண்ட உறுதி. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் வந்தது. அறிவித்தபோது சேரும் வயது பதினேழரை முதல் 21 வரை. பணி நான்காண்டு. முடிவில் நான்கில் ஒருவருக்கு மட்டுமே தொடர்ச்சி. மற்ற மூவருக்கு ஏறத்தாழ 11.7 லட்ச ரூபாய் சேவா நிதி, ஓய்வூதியம் இல்லை. அரசுப் படையையும் தனியார் நூற்பாலையையும் ஒன்றாக வைப்பது என் நோக்கம் இல்லை. சம்பளத்திலும் மரியாதையிலும் அவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆனால் ஒப்பந்தத்தின் வடிவத்தைப் பாருங்கள். வாழ்க்கையின் நல்ல சில ஆண்டுகள், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதற்குப் பிறகு உன் பாடு. இந்த வடிவம்தான் இன்று மேலிருந்து கீழ்வரை வேலையின் பொது வடிவமாகியிருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியிலும் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போயிற்று.

மனப்பான்மையில் மாற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாறியிருக்கிறது, அதில் பாதி நல்ல மாற்றம். பட்டறையில் முன்பெல்லாம் "ஏன்டா, நேத்து எங்கடா போன?" என்று தொடங்கும் பேச்சு, இப்போது "ஏந் தம்பி, நேத்து வரலையே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தொடங்குகிறது. "இல்லீங்ண்ணா, நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தனுங்க" என்று அவனும் கூசாமல் பதில் சொல்கிறான். திட்டினால் நாளைக்கு வரமாட்டான் என்பது முதலாளிக்குத் தெரியும். டி நெவ் திருப்பூர்த் தையல்காரர்களிடம் கண்டதும் இதையொத்தது: இ.எஸ்.ஐ., பி.எஃப். உள்ள பெரிய தொழிற்சாலையைவிட, வேண்டியபோது விடுப்பு எடுக்க முடிகிற, மேற்பார்வையாளர் விரட்டாத சின்ன கம்பெனியின் பீஸ் ரேட்டைப் பலர் விரும்பித் தேர்ந்தார்கள். தன் நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள உழைப்பாளிக்குப் பழைய ஆசை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே 1 அன்று கைவிடப்பட்டதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

'வடநாட்டுப் பசங்க நிக்கறாங்களே' என்பார்கள். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து, கம்பெனி ஷெட்டிலேயே தங்கி, வேறு கம்பெனி எது என்றே தெரியாமல் இருப்பவர் நிற்காமல் என்ன செய்வார்? 2020 மே மாதம் ரயில் விட்டதும் அவர்களும் போனார்கள். அவர்களில் மொழியும் ஊரும் பழகியவர்கள் இப்போது உள்ளூர்ப் பையன்களைப் போலவே கூடுதல் சம்பளம் பார்த்து இடம் மாறுகிறார்கள்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்குகின்றன. குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு என்கின்றன. அவற்றின் மற்ற பிரிவுகளில் தொழிற்சங்கங்களுக்குக் கடும் ஆட்சேபம் உள்ளது, எனக்கும் சிலவற்றில் உண்டு. ஆனால் இந்த இரண்டையும் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் தென்னிந்திய மில்கள் சங்கமும் தங்கள் உறுப்பினர்களிடம் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றச் சொல்ல வேண்டும். ஆபரேட்டராகச் சேர்ந்தவனுக்கு இரண்டாம் ஆண்டில் செட்டிங், மூன்றாம் ஆண்டில் புரோகிராமிங் என்று கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு சம்பளம் என்று சேரும்போதே எழுதிக் கொடுக்கட்டும். கற்றவுடன் ஓடிவிடுவான் என்ற பயம் எனக்குப் புரிகிறது. டெக்ஸ்டூலில் கற்றவர்களும் வெளியேறத்தான் செய்தார்கள். கோவையின் பொறியியல் தொழில் வளர்ந்ததே அப்படித்தான்.

சூலூர் வட்டம் வாரப்பட்டியில் பாதுகாப்புத் தொழில் பூங்கா அமைக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது. நிலம், நீர், மாசு பற்றி அந்தப் பகுதி விவசாயிகள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை, அவற்றுக்கு முதலில் பதில் வேண்டும். அவற்றோடு சூலூர்க்காரர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: வரப்போகும் வேலைகளில் எத்தனை நிரந்தரம், எத்தனை ஒப்பந்தம், உள்ளூர்ப் பிள்ளைக்கு அதில் எந்தப் படி வரை ஏற வழி உண்டு? அதற்கான பதிலை மேடைப் பேச்சாக வாங்காதீர்கள். நிலம் கைமாறும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.